வடக்குப் பார்த்த கண்ணாடியும் சுடும்!

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. குதித்துக் குதித்துப் போய், வெள்ளை அடித்த பாதையில் ஏறி நின்ற பிறகுதான் மூச்சே வரும். ஒரே கல், ஒரே வெயில். வித்தியாசம், மேலே பூசிய வெள்ளை மட்டும்தான்.

இந்த வெறுங்கால் பாடத்தை மத்திய அரசின் விதிப்புத்தகம் ஒன்று எண்ணாக எழுதிவைத்திருக்கிறது. பெரிய வணிகக் கட்டடத்தின் மொட்டை மாடி, தன் மேல் விழும் வெயிலில் குறைந்தது 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். முடியாதென்றால் மாடியில் செடி வளர்க்க வேண்டும். சோலார் பேனல் போன்றவை மூடிய இடத்துக்கு விலக்கு உண்டு.

புத்தகத்தின் பெயர், எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு. கட்டடத் துறையில் இ.சி.பி.சி. என்றால்தான் தெரியும். 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம் 2007 மே மாதம் முதல் பதிப்பை வெளியிட்டது. ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டவைக்கிறதே, அதே பணியகம்தான். 2017-ல் விதிகளைத் திருத்தி, இன்னும் இறுக்கியது. 2024-ல் தண்ணீர், கழிவு போன்றவற்றையும் சேர்த்துப் புதிய வடிவம் கொடுத்தது. ஏ.சி.யில் ஸ்டிக்கர் பார்க்கப் பழகிய நாம், அந்த ஏ.சி.யை மாட்டும் கட்டடத்துக்கும் இப்படி ஒரு அளவுகோல் இருப்பதைக் கவனிக்கவே இல்லை.

நெல் விளையும் தஞ்சாவூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். காவிரி டெல்டா 2020-ல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை புதிதாக வர முடியாது. எனவே நெல்லைத் தாண்டி இங்கே வேலை தரப்போவது பெரும்பாலும் கடை, மருத்துவமனை, கல்லூரி, ஹோட்டல், ஐ.டி. அலுவலகம்தான். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் சுமார் 55,000 சதுர அடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. கல்யாண மண்டபங்களோ கும்பகோணம் முதல் பட்டுக்கோட்டை வரை ஒவ்வொன்றாக ஏ.சி.க்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

மொத்த மின் பளு 100 கிலோவாட், அல்லது மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்யும் அளவு 120 கே.வி.ஏ. என்ற எல்லையைத் தொட்டால் அந்தக் கட்டடம் இ.சி.பி.சி.க்குள் வந்துவிடும். 100 கிலோவாட் என்பது ஏதோ ஐந்து நட்சத்திர ஹோட்டல் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு மண்டபத்தில் 60 டன் ஏ.சி. போட்டால் அதற்கே 70 கிலோவாட் ஆகிவிடும். லிஃப்ட், விளக்கு, தண்ணீர் மோட்டார், சமையல்கட்டு கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் 100-ஐ எட்டிவிடும். இந்த எல்லையை இன்னும் கீழே இறக்கவும் மாநில அரசுகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் எரிசக்தி சேமிப்புச் சட்டத்துக்கான பொறுப்பு அமைப்பு, மின் ஆய்வுத் துறை.

வடக்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடை

தஞ்சாவூரில் திசை பார்க்க காம்பஸ் வேண்டாம், வீதியின் பெயரே சொல்லிவிடும். கீழவீதி, மேலவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. வடக்கு வீதியின் தெற்கு வரிசையில் ஒருவர் நான்கு மாடி ஜவுளிக்கடை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் போட வந்த இளம் இன்ஜினீயரிடம் அவர் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்:

"தம்பி, முகப்பு முழுக்கக் கண்ணாடி வேணும். சென்னையில இருக்கிற மாதிரி பளபளன்னு."

"வெயில் வருமே சார்."

"வடக்குப் பார்த்த இடம்ப்பா. வடக்குல எங்க வெயில் வருது?"

இன்ஜினீயர் பதில் சொல்லாமல் தலையாட்டிவிடுவார். கல்லூரிப் பாடப் புத்தகமும் அவருக்கு அதையே சொல்லியிருக்கும்: வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது. புத்தகம் பொய் சொல்லவில்லை. அது பொருந்தும் ஊர் வேறு, அவ்வளவுதான்.

தஞ்சாவூர் பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறந்த முதல் வாரத்தில், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 24 வாக்கில் ஆவணியில் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சி வேளைச் சூரியன் நிற்பது வடக்கில்தான். ஆனியில் உதிப்பதும் மறைவதும்கூட நேர் கிழக்கு, நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளித்தான். டெல்லியில் உச்சிச் சூரியன் வடக்கே போவதே இல்லை.

விதித்தொகுப்பை எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். 15 டிகிரி அட்சரேகைக்கு மேலே இருக்கும் சூடான ஊர்களில், வடக்குப் பக்கக் கண்ணாடி சூரிய வெப்பத்தில் 50 சதவீதம் வரை உள்ளே விடலாம். 15 டிகிரிக்குக் கீழே அந்தச் சலுகை கிடையாது. எல்லாத் திசைக்கும் ஒரே அளவு, 27 சதவீதம். தமிழ்நாடு முழுக்க 15-க்குக் கீழேதான் இருக்கிறது. வட இந்தியக் கட்டடம் ஒன்றின் படத்தை அப்படியே பார்த்து வரைந்தால், தஞ்சாவூரில் அந்த வடக்குச் சுவர் விதியில் தோற்றுவிடும். பில்லிலும் தோற்கும்.

கடையில் கிடைக்கும் சாதாரண கிளியர் கண்ணாடி, சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விடுகிறது. 80 எங்கே, 27 எங்கே! இந்த எண்ணுக்குக் கண்ணாடிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் எஸ்.எச்.ஜி.சி. கேட்டலாகில் 0.27 என்று போட்டிருக்கும். 'ரிஃப்ளெக்டிவ் சார், வெயிலே வராது' என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. கறுப்புக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் விதியில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வெளிச்சத்தில் குறைந்தது 27 சதவீதமாவது உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். புடவையின் நிறம் பார்க்க வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கதைதான்.

சுவரில் ஜன்னலும் கண்ணாடியும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அடுத்த விதி. முகப்பு முழுக்கக் கண்ணாடி கேட்டவருக்கு இது கசக்கும். ஆனால் கணக்கு கட்டடத்தின் மொத்தச் சுவருக்கும் சேர்த்துத்தான். பக்கச் சுவரில் ஜன்னலைக் குறைத்து, முகப்பில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இன்ஜினீயர் இதைப் படம் போடும்போதே சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக முடியும். கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால் சண்டைதான்.

தாத்தா காலத்து சன்ஷேடுக்கும் மார்க் உண்டு

இந்த விதிகள் என்றாலே வெளிநாட்டுச் சாமான், பெரிய செலவு என்று கட்டடம் வரைபவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நிழலுக்கு மார்க் தருவதும் இதே விதித்தொகுப்புதான். சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை, அதன் அடிப்பாகத்திலிருந்து ஜன்னல் கட்டை வரையுள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். 2 அடி சன்ஷேடு, 4 அடி உயரம் என்றால் 0.5. இந்த எண் ஏற ஏற, விலை குறைந்த கண்ணாடியையும் பயன்படுத்த அனுமதி கிடைக்கும். கொத்தனார் போடும் ஒரு சிமென்ட் பலகை, கண்ணாடிக் கம்பெனி பில்லைக் குறைக்கிறது.

எவ்வளவு நீட்டுவது என்பதற்கும் டெல்டாவுக்கென்று தனிக் கணக்கு உண்டு. ஆனி மாத உச்சி வெயில் வடக்கிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால், 4 அடி உயரத்துக்கு 1 அடி சன்ஷேடே போதும். மார்கழியில் தெற்குச் சுவருக்கு இரண்டே முக்கால் அடி தேவைப்படும். வடக்குச் சுவரில் தொல்லை தருவது காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயில்தான். அதற்கு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தாக ஒரு சுவர் இறக்க வேண்டும். மேற்கு வேறு ரகம். மேலவீதியின் கிழக்கு வரிசைக் கடைகள் மேற்குப் பார்த்தவை. மாலை 4 மணி வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அங்கே கண்ணாடியைக் குறைப்பதுதான் வழி. ஷட்டர் முன்னால் படுதா இறக்கிவிட்டு வியாபாரம் செய்யும் பழைய கடைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொட்டை மாடியின் 3 டன்

கண்ணாடி கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றிப் பேசுகிறோம். சத்தமில்லாமல் பில்லை ஏற்றுவது மொட்டை மாடி.

ஒரு பொருளின் வழியே வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதைச் சொல்லும் எண், யு மதிப்பு. குறைவாக இருந்தால் நல்லது. 6 அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேல். பெரும்பாலான வணிகக் கட்டடங்களுக்கு விதி கேட்பது 0.33. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஒரு தோராயக் கணக்கு. 1,000 சதுர அடி மாடி, மேல்பரப்பு 60 டிகிரி சுடுகிறது, உள்ளே ஏ.சி. 26 டிகிரியில் ஓடுகிறது. வெறும் தளமாக இருந்தால், அதன் வழியே இறங்கும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு மட்டுமே சுமார் 3 டன் ஏ.சி. வேண்டும். வாடிக்கையாளருக்கு அல்ல, விளக்குக்கு அல்ல, வெறும் தளத்துக்கு! 0.33 தளமாக இருந்தால் அது டன்னில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். உச்சி வெயில் 4 மணி நேரத்துக்கு ஒரு நாளில் சுமார் 12 யூனிட், வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாளுக்கு 3,000 ரூபாய். ஆயிரம் சதுர அடிக்கு மட்டும்.

டெல்டாவில் மாடிக்குச் சுருக்கி போடும் பழக்கம் பழையது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த காலமும் உண்டு. அது மழைக்கு நல்லது, வெயிலுக்கும் ஓரளவு நல்லது. ஆனால் 0.33-ஐ அதனால் எட்ட முடியாது. அக்ரஹார வீட்டு முற்றம், கெட்டியான சுவர், ஓட்டுக் கூரை என்று பெருமை பேசுவது இப்போது ஒரு ஃபேஷன். அந்த வீட்டில் 40 கம்ப்யூட்டர் ஓடவில்லை, அதை 24 டிகிரியில் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏ.சி. போட்ட கட்டடத்துக்குத் தளத்தின் மேல் 75 முதல் 80 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை போன்ற ஒன்று வேண்டும். சுருக்கியும் தட்டோடும் அதற்கு மேல் வரலாம், தட்டோடு வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

வெள்ளைக்கும் டெல்டாவில் ஒரு வில்லன் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு மாடி பாசி பிடித்துக் கறுத்துவிடும். தை, மாசியில் ஒரு தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் 60 சதவீதம் படத்தில் மட்டும்தான் இருக்கும்.

சுவரிலும் இதே கதை. 9 அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு 2-ஐ ஒட்டி. 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் என்றால் முக்காலுக்கு வரும். விதியோ பெரிய கட்டடங்களுக்கு 0.40 கேட்கிறது. சிறிய அலுவலகம், பள்ளிகளுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு.

பாஸ் ஆக மூன்று வழி

எல்லா எண்ணையும் ஒவ்வொன்றாகத் தொட முடியாவிட்டால்? இங்கேதான் பல வடிவமைப்பாளர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் வழி, பள்ளிப் பரீட்சை மாதிரி. மாடி, சுவர், கண்ணாடி, விளக்கு, ஏ.சி. என ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும். பெரிய கணக்கு கிடையாது, பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கலாம். இரண்டாவது வழியில் மாடி, சுவர், ஜன்னல் மூன்றையும் ஒரே பாடமாக்கிக்கொள்ளலாம். கண்ணாடியில் இழந்ததை மாடியில் ஈடுகட்டலாம். மூன்றாவது, மொத்த மார்க். கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்து, விதிப்படி கட்டிய அதே அளவுக் கட்டடத்தைவிட அதிக மின்சாரம் ஆகாது என்று காட்ட வேண்டும். வித்தியாசமான வடிவம், நிறையக் கண்ணாடி என்று ஆசைப்படுபவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் அதற்குத் தனி மென்பொருளும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் சில கட்டாயப் பாடங்கள் உண்டு. அலுவலகமாக இருந்தால் தளப்பரப்பில் 40 சதவீதத்துக்காவது பகல் வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சிறிய ஏ.சி. என்றால் குறைந்தது 3 நட்சத்திரம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்காவின் ஆஷ்ரே சங்கம் கட்டடங்களுக்கான எரிசக்தி அளவுகோலைக் கொண்டுவந்தபோது, அங்கே சிறு ஊர் வடிவமைப்பாளர்களும் திணறினார்கள். பின்னாளில் அந்நாட்டு எரிசக்தித் துறை காம்செக் என்ற இலவச மென்பொருளையே கொடுத்தது. சுவர், ஜன்னல், விளக்கு விவரங்களைப் போட்டால் பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடும். இந்தியாவிலும் பி.இ.இ. தரப்பில் எகோநிர்மாண் என்ற கருவி வந்தது. சிங்கப்பூர் 1979-லேயே ஏ.சி. கட்டடங்களின் வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. டெல்டாவிலிருந்து கட்டட வேலைக்குப் போன எத்தனையோ கைகள், இந்த வரம்புக்கு உட்பட்ட சுவர்களை அங்கே எழுப்பியிருக்கின்றன. ஊர் திரும்பிய அதே கைகள் இங்கே கட்டுவது பெரும்பாலும் வெறும் தளம்தான். படத்தில் இல்லாததை மேஸ்திரி எப்படிக் கட்டுவார்?

கடைசியில் வரும் ஏ.சி.காரர்

நல்ல மாடி, அளவான கண்ணாடி, நீட்டிய சன்ஷேடு எல்லாம் போட்ட பிறகும் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. கட்டடம் பூச்சு முடிந்த நிலையில் ஏ.சி. டீலர் வருகிறார். டேப் பிடித்து அளக்கிறார். '150 சதுர அடிக்கு ஒரு டன்' என்ற வாய்ப்பாட்டைச் சொல்லி, கொட்டேஷன் எழுதிவிட்டுப் போகிறார். மாடியில் ஃபோம் இருக்கிறதா என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. ஃபோமுக்குச் செலவழித்த காசு, சிறிய ஏ.சி.யாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தேவைக்கு மேல் பெரிய ஏ.சி.யால் டெல்டாவில் இன்னொரு கஷ்டமும் உண்டு. நம்முடையது புழுக்கமான வெப்ப மண்டலம். சுற்றிலும் வயல், வாய்க்கால், காற்றெல்லாம் ஈரம். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்க ஏ.சி. நிதானமாக, தொடர்ந்து ஓட வேண்டும். பெரிய மெஷின் ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். அறை சில்லென்று இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். உடனே 24-ஐ 20 ஆக்குவார்கள்.

பில் யார் கட்டுவது என்பதில்தான் முடிச்சே இருக்கிறது. கட்டுபவர் ஒருவர், வாடகைக்கு வருபவர் இன்னொருவர். ஃபோம் பலகைக்குச் செலவு செய்வது முதலாமவர், மாதம் 3,000 மிச்சமாவது இரண்டாமவருக்கு. செலவைக் குறைக்க முதலில் அடிபடுவது அந்த ஃபோம்தான், எலிவேஷன் கண்ணாடி அல்ல. வாடகைக்குப் பேசும்போது அட்வான்ஸ், பார்க்கிங், தண்ணீர் எல்லாம் விசாரிப்பவர்கள், 'மேல்மாடியில் தளத்துக்கு என்ன போட்டிருக்கீங்க?' என்று கேட்பதில்லை. ஒருவர் கேட்டால்கூடப் போதும், அடுத்த கட்டடத்துக்குப் படம் போடும்போது இன்ஜினீயர் பேச்சுக்குக் காது கிடைக்கும்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அக்னி நட்சத்திரம் தொடங்கவே இரண்டு நாள் இருந்தது. சூரியன் தஞ்சாவூரின் உச்சியைக் கடந்து வடக்கே போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. வடக்கு வீதியின் தெற்கு வரிசைக் கண்ணாடிகளில் அன்று உச்சிப் பொழுதிலும் வெயில் விழுந்திருக்கும்.